அப்டேட்டுக்குப் பின் திறக்க மறுக்கும் அஞ்சல் பெட்டி: அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள்!

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு வியாழக்கிழமை, லுஹருக்குச் சற்று முன்பாக, சரவணையிலிருந்து எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் அங்கே நண்டும் கருவாடும் கொள்வனவு செய்து கொழும்புக்கு அனுப்பும் ஒரு தம்பி. பத்து வருடத்துக்கும் மேலான பழக்கம்.

"நானா, கொம்பியூட்டர் அப்டேட் ஆனதுக்குப் பிறகு மெயில் திறக்குதில்லை. பார்க்க வந்த பொடியன் ஃபோமட் அடிச்சால் சரிவரும் எண்டு சொல்லுறான். அடிக்கச் சொல்லட்டோ?"

"ஒண்டும் செய்ய வேண்டாம் தம்பி. கொம்பியூட்டரை நிப்பாட்டிப் போட்டு அப்படியே வையுங்கோ. நான் வாறன்" என்றேன்.

நான் கணினி படித்துப் பட்டம் பெற்றவன் அல்லன். இரும்புக் கடைக் கணக்கு எழுதிப் பழகியவன். ஆனாலும் அன்று நான் அவசரப்பட்டதற்குக் காரணம் இருந்தது. அந்தத் தம்பி கொழும்பில் ஒரு கொள்வனவாளருக்கு அனுப்பிய சரக்குக்கு எதிர்பார்த்ததை விட இரண்டு இலட்சத்து எண்பதாயிரம் ரூபா குறைவாகப் பணம் வந்திருந்தது. கேட்டதற்கு, "பேசிய விலை இதுதான், வேறு விலை பேசியிருந்தால் அந்த மெயிலைக் காட்டுங்கள்" என்று பதில் வந்தது. விலை உறுதிசெய்த கடிதம் அந்த அஞ்சல் பெட்டிக்குள்தான் இருந்தது. பெட்டியோ திறக்கவில்லை. சரக்குக் கொடுத்த கடற்றொழிலாளர்கள் சனிக்கிழமை காசுக்கு வந்து நிற்பார்கள்.

இது அவர் ஒருவருடைய பிரச்சினை மட்டுமல்ல. நம்மில் பலர் அவுட்லுக் மென்பொருளில்தான் வியாபாரக் கடிதங்களை வைத்திருக்கிறோம். மென்பொருள் புதுப்பிக்கப்பட்ட மறுநாள் "கோப்பைத் திறக்க முடியவில்லை", "கோப்பில் பிழைகள் காணப்படுகின்றன", "கோப்பு முறையாக மூடப்படவில்லை" என்று ஏதாவது ஓர் அறிவித்தல் வந்தால் என்ன செய்வது, அதைவிட முக்கியமாக என்ன செய்யக்கூடாது என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

கடிதங்கள் எங்கே இருக்கின்றன?

அவுட்லுக் திரையில் நூற்றுக்கணக்கான கடிதங்கள் தனித்தனியாகத் தெரிந்தாலும், வன்தட்டில் அவை அனைத்தும் ஒரே ஒரு பெரிய கோப்புக்குள்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன. அதன் பெயர் பி.எஸ்.டி. கோப்பு. வந்த கடிதம், அனுப்பிய கடிதம், இணைப்பாக வந்த விலைப்பட்டியல், விலாசங்கள், நாட்காட்டி எல்லாமே அதற்குள் அடக்கம்.

இதைக் கடையின் பெரிய பேரேட்டுக்கு ஒப்பிடலாம். பேரேட்டின் முன்பக்கத்தில் யாருடைய கணக்கு எத்தனையாம் பக்கத்தில் என்ற அட்டவணை இருக்கும். பி.எஸ்.டி. கோப்புக்குள்ளும் அப்படியோர் அட்டவணை உண்டு. ஒரு கடிதம் வந்தால் அவுட்லுக் கடிதத்தையும் எழுதுகிறது, அட்டவணையையும் திருத்துகிறது. இந்த இரண்டு வேலைக்கும் இடையில் மின்சாரம் போனால், அல்லது யாராவது சுவிட்சை அணைத்தால், அட்டவணை ஒன்று சொல்லும், பக்கம் இன்னொன்று சொல்லும். அடுத்த முறை திறக்கும்போது அவுட்லுக் குழம்பிப் போகிறது. பெரும்பாலும் கடிதங்கள் அழிந்திருக்காது. அட்டவணைதான் பிழைத்திருக்கும். "ஃபோமட்" செய்பவர் இதை அறியாமல், அட்டவணை பிழை என்பதற்காகப் பேரேட்டையே அடுப்பில் போடுகிறார்.

மின்வெட்டு நமக்குப் புதிதல்ல. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் இருட்டில் இருந்தோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு சிக்கியதால் நாடு முழுவதுமே இருண்டது. அதுபோன்ற ஒரு நொடியில் அவுட்லுக் திறந்திருந்தால் பி.எஸ்.டி. கோப்புக்குச் சேதம் வர வாய்ப்புண்டு.

தபால்காரர் இரண்டு விதம்

அடுத்து அறிய வேண்டியது, உங்கள் கடிதத்தின் இன்னொரு பிரதி வேறெங்காவது இருக்கிறதா என்பது. இது உங்கள் கணக்கு பொப் முறையா, ஐமேப் முறையா என்பதைப் பொறுத்தது.

பொப் முறையில் தபால்காரர் கடிதத்தைத் தபால் கந்தோரிலிருந்து எடுத்துவந்து உங்கள் கையில் தந்துவிடுகிறார். கந்தோரில் பிரதி வைக்கும்படி அமைப்பில் சொல்லியிருந்தால் ஒழிய, அங்கே ஒன்றும் மிஞ்சாது. பிரதி வைக்கச் சொல்லியிருந்தாலும், பெரும்பாலும் "14 நாட்களின் பின் நீக்கு" என்ற கட்டத்திலும் சரி அடையாளம் இருக்கும். அனுப்பிய கடிதங்களோ உங்கள் கணினியில் மட்டும்தான். எனவே பொப் கணக்கு வைத்திருப்பவரின் பி.எஸ்.டி. கோப்புதான் ஒரேயொரு மூலப் பிரதி.

ஐமேப் முறையில் கடிதம் கந்தோரிலேயே இருக்கும். உங்கள் கணினியில் இருப்பது அதன் நகல். அந்த நகல் கோப்பின் பெயர் ஓ.எஸ்.டி. இது பழுதானால், அவுட்லுக்கை மூடி, கோப்பின் பெயரை மாற்றிவைத்துவிட்டு மீண்டும் திறந்தால் போதும். கடிதங்கள் புதிதாக இறங்கும். ஆனால் ஒரு எச்சரிக்கை: ஐமேப் கணக்கில் விலாசங்களும் நாட்காட்டியும் "இந்தக் கணினியில் மட்டும்" என்ற குறிப்போடு உள்ளே இருக்கலாம். எனவே ஓ.எஸ்.டி. கோப்பையும் அழிக்காமல் பெயர் மாற்றி வைத்திருங்கள்.

சரவணைத் தம்பியுடையது பொப் கணக்கு. பதினொரு வருடக் கடிதம் ஒரே கோப்பில். அதனால்தான் பண்ணைப் பாலம் தாண்டி மோட்டார் சைக்கிளை விரட்டிக்கொண்டு போனேன். அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை எல்லாம் கடந்து போகும்போது மனதில் ஒரே நினைப்பு, நான் போவதற்குள் அந்தப் பொடியன் மீண்டும் வந்துவிடக்கூடாது என்பதே.

அங்கே நடந்தது என்ன?

போய் விசாரித்தபோது விடயம் தெளிவானது. முதல்நாள் இரவு கடையை மூடும் நேரத்தில் கணினி தானாகப் புதுப்பித்துக் கொண்டிருந்திருக்கிறது. "அணைக்க வேண்டாம்" என்று திரையில் எழுத்தும் இருந்திருக்கிறது. வேலைக்கு நிற்கும் பையன் வழக்கம்போல மெயின் சுவிட்சை இழுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். அவனைக் குறைசொல்லி என்ன பயன்? "கடை மூடும்போது மெயினை அணை" என்று சொல்லிக் கொடுத்ததே நாம்தான்.

நாங்கள் செய்ததை ஒழுங்காகத் தருகிறேன். இந்த ஒழுங்கை மாற்ற வேண்டாம்.

1. நிறுத்துங்கள். அவுட்லுக்கைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்க்காதீர்கள். ஒவ்வொரு முறையும் அது கோப்பில் எழுத முயலும். மூடிய பிறகும் சிலவேளை அது பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பட்டியலில் அவுட்லுக் இருந்தால் அதை முடித்துவிடுங்கள்.

2. கோப்பைக் கண்டுபிடியுங்கள். அவுட்லுக் திறக்காவிட்டாலும், கன்ட்ரோல் பேனலில் "மெயில்" என்ற பகுதியில் "டேட்டா ஃபைல்ஸ்" என்பதை அழுத்தினால் கோப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று காட்டும். 2010ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் இது வழக்கமாக "டொகியுமென்ட்ஸ்" கோப்புறைக்குள் "அவுட்லுக் ஃபைல்ஸ்" என்ற இடத்தில் இருக்கும்.

3. பிரதி எடுங்கள். இதுதான் மிக முக்கியமான படி. ஒரு வெளி வன்தட்டில் கோப்பை நகல் செய்து, மூலத்தின் அளவும் நகலின் அளவும் ஒன்றா என்று பாருங்கள். பின்னர் அந்த வன்தட்டைக் கழற்றி அலுமாரியில் வைத்துவிடுங்கள். இனி என்ன தவறு நடந்தாலும் திரும்பிவர ஓர் இடம் இருக்கிறது. தம்பியின் கோப்பு ஒன்பது ஜிகாபைட். நகல் முடியும்வரை மின்சாரம் போகக்கூடாதே என்று இருவரும் பிளேன்டீ குடித்தபடி காத்திருந்தோம்.

4. பழுது மென்பொருளிலா, கோப்பிலா என்று பாருங்கள். கன்ட்ரோல் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு அவுட்லுக்கைத் திறந்தால் அது பாதுகாப்பு நிலையில், துணை மென்பொருட்கள் எதுவுமின்றித் திறக்கும். அப்போது ஒழுங்காக வேலை செய்தால் கோப்பில் குற்றமில்லை, ஏதோவொரு துணை மென்பொருள்தான் புதிய பதிப்போடு ஒத்துவரவில்லை. அவற்றை நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள். "கோப்பைக் காணவில்லை" என்று வந்தால், கோப்பு இடம் மாறியிருக்கிறது. சரியான இடத்தைக் காட்டிக் கொடுத்தால் போதும். மென்பொருளே திறக்கவில்லை என்றால், கன்ட்ரோல் பேனலில் ஒபிஸ் தொகுப்பைத் தெரிவுசெய்து "குயிக் ரிப்பெயார்" செய்யலாம். அது கடிதங்களைத் தொடாது. இணைய இணைப்பும் தேவையில்லை.

5. கோப்பில்தான் பிழை என்று உறுதியானால், பழுது பார்க்கும் கருவியை ஓடவிடுங்கள். இதற்கு வெளியில் காசு கொடுத்து மென்பொருள் வாங்கத் தேவையில்லை. "ஸ்கேன் பி.எஸ்.டி." என்ற கருவி அவுட்லுக்கோடு சேர்ந்தே வருகிறது. 2016ஆம் ஆண்டுப் பதிப்பிலும் அதற்குப் பிந்தியவற்றிலும் அது புரோகிராம் ஃபைல்ஸ், மைக்ரோசொப்ட் ஒபிஸ், ரூட், ஒபிஸ் 16 என்ற கோப்புறைகளுக்குள் இருக்கும். 2013ஆம் ஆண்டுப் பதிப்பானால் ஒபிஸ் 15, 2010 ஆனால் ஒபிஸ் 14. அவுட்லுக்கை மூடிவிட்டு இதைத் திறந்து, பி.எஸ்.டி. கோப்பைக் காட்டி "ஸ்டார்ட்" அழுத்துங்கள். பிழைகளைச் சொன்ன பிறகு, "பழுதுபார்க்குமுன் பிரதி எடு" என்ற கட்டத்தில் சரி அடையாளம் இருப்பதைக் கவனித்து "ரிப்பெயார்" அழுத்துங்கள். பிரதிக்குப் போதிய இடம் வன்தட்டில் இருக்க வேண்டும். பெரிய கோப்பானால் சில மணித்தியாலங்கள் ஆகலாம்.

6. ஒருமுறை ஓடவிட்டு நிறுத்தாதீர்கள். ஒரு பிழை திருத்தப்பட்ட பிறகுதான் அடுத்தது கண்ணில் படும். "பிழை இல்லை" என்று வரும்வரை ஓடவிடுங்கள். எங்களுக்கு மூன்று முறை தேவைப்பட்டது.

7. திறந்ததும் "லொஸ்ட் அண்ட் ஃபவுண்ட்" என்ற புதிய கோப்புறை இருக்கிறதா என்று பாருங்கள். எந்தப் பெட்டிக்குரியது என்று தெரியாமல் மீட்கப்பட்ட கடிதங்களை அந்தக் கருவி அங்கே போட்டிருக்கும். புதிதாக ஒரு பி.எஸ்.டி. கோப்பு உருவாக்கி, தேவையான கடிதங்களை அதற்கு மாற்றுவது நல்லது. ஒருமுறை பழுதான கோப்பை மீண்டும் பல வருடம் நம்பியிருக்க வேண்டாம்.

அன்று மாலை மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் நேரம், விலை உறுதிசெய்த அந்தக் கடிதம் உள்வரும் பெட்டியிலேயே கிடைத்தது. தம்பி அனுப்பிய பதில் கடிதம் மட்டும் கிடைக்கவில்லை. ஆனால் மறுதரப்பார் எழுதியதே போதுமானதாக இருந்தது. வெள்ளிக்கிழமை காலை அதை அனுப்பியதும் அவர்கள் தங்கள் புத்தகத்தைப் பார்த்தார்கள். அவர்களுடைய எழுதுவினைஞர் முந்தைய மாத விலையைப் போட்டுவிட்டார் என்று தெரிந்தது. மீதிப் பணமும் வந்தது. ஏமாற்றும் நோக்கம் எவருக்கும் இருக்கவில்லை. ஆனால் கடிதம் கிடைத்திராவிட்டால் இருவரும் ஒருவரையொருவர் ஏமாற்றுக்காரர் என்றே நினைத்திருப்பார்கள். பல வருட வியாபாரத் தொடர்பு அதோடு முடிந்திருக்கும்.

நான் செய்த பிழை

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானே ஒருமுறை சூடுபட்டவன். 2009இல் புத்தளத்தில் இருந்தபோது என்னிடம் இருந்தது பழைய பதிப்பு. 2002ஆம் ஆண்டுப் பதிப்பு வரையிலான அவுட்லுக்கில் பி.எஸ்.டி. கோப்பு இரண்டு ஜிகாபைட்டைத் தாண்ட முடியாது. தாண்டினால் திறக்காது. 2003ஆம் ஆண்டுப் பதிப்போடு வந்த புதிய வகைக் கோப்பில் அந்த எல்லை 20 ஜிகாபைட்டாகவும், 2010இல் 50 ஜிகாபைட்டாகவும் உயர்த்தப்பட்டது. ஆனால் பழைய வகைக் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு மென்பொருளை மட்டும் புதுப்பித்தால் அந்த இரண்டு ஜிகாபைட் எல்லை மாறாது. எனக்கு இது தெரியாது. கோப்பு நிறைந்து நின்றது. அதை வெட்டிச் சிறிதாக்கும் கருவி ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டு, பிரதி எடுக்காமலே மூலக் கோப்பில் ஓடவிட்டேன். ஏறக்குறைய ஆறு மாதக் கடிதங்கள் போயின. கருவியில் பிழையில்லை, வெட்டினால் சில போகும் என்பது அதன் இயல்பு. பிரதி எடுக்காதது என் பிழை.

உலகெங்கும் நடப்பதுதான்

புதுப்பித்தலே பிழையோடு வருவதும் உண்டு. 2016 பெப்ரவரியில் அவுட்லுக் 2016இன் ஒரு புதுப்பித்தலுக்குப் பின்னர், பொப் கணக்கில் "பிரதியைக் கந்தோரில் வை" என்று அமைத்திருந்தவர்களில் சிலருக்கு அங்கிருந்த பிரதிகள் நீக்கப்பட்டன, வேறு சிலருக்கு ஒரே கடிதம் திரும்பத் திரும்ப இறங்கியது. 2026 ஜனவரி 13ஆம் திகதி வெளியான வின்டோஸ் புதுப்பித்தலுக்குப் பின்னர், பி.எஸ்.டி. கோப்பை ஒன்டிரைவ் போன்ற இணையச் சேமிப்பில் வைத்திருந்தவர்களின் அவுட்லுக் உறைந்து நின்றது. மைக்ரோசொப்ட் அதை ஒப்புக்கொண்டு, அதே மாதத்திலேயே அவசரத் திருத்தம் வெளியிட்டது.

"நான் ஒன்டிரைவில் வைக்கவில்லையே" என்று சொல்லாதீர்கள். புதிய வின்டோஸ் கணினியில் "உங்கள் கோப்புகளைப் பாதுகாக்கவா?" என்று கேட்கும்போது "ஆம்" என்று அழுத்தியிருந்தால், டொகியுமென்ட்ஸ் முழுவதும் ஒன்டிரைவுக்குள் போயிருக்கும். அதற்குள் இருந்த பி.எஸ்.டி. கோப்பும் சேர்ந்தே போயிருக்கும். அவுட்லுக் எழுதிக்கொண்டிருக்கும் அதே கோப்பை ஒன்டிரைவும் பிடித்து அனுப்ப முயலும். டேட்டாவும் வீணாகும். எனவே அவுட்லுக்கை மூடி, ஒன்டிரைவை நிறுத்திவைத்து, கோப்பை சி டிரைவில் வேறொரு கோப்புறைக்கு மாற்றி, கன்ட்ரோல் பேனலின் "மெயில்" பகுதியில் புதிய இடத்தைக் காட்டிவிடுங்கள். பென் டிரைவிலோ, கடையின் இரண்டு கணினிகளுக்குப் பொதுவான வலையமைப்பிலோ வைத்துக்கொண்டு நேரடியாகப் பயன்படுத்துவதும் கூடாது.

இன்னுமொன்று. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு வின்டோஸ் 10, ஒபிஸ் 2016, ஒபிஸ் 2019 ஆகியவற்றுக்கான வழமையான ஆதரவு முடிந்துவிட்டது. பழையதையே வைத்திருப்போர் மாற வேண்டிய நிலை. மாறும்போது "புதிய அவுட்லுக்" என்ற பொத்தானை அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். பி.எஸ்.டி. கோப்பைக் கையாள்வதில் அது பழைய அவுட்லுக்குக்கு நிகரானதல்ல. முதலில் பிரதி, பிறகு மாற்றம்.

வழமையாக்க வேண்டியவை

வாரத்தில் ஒரு நாள், அவுட்லுக்கை மூடிவிட்டு, பி.எஸ்.டி. கோப்பை வெளி வன்தட்டில் நகல் செய்யுங்கள். இரண்டு வன்தட்டுகளை மாறி மாறிப் பயன்படுத்தி ஒன்றை வீட்டில் வையுங்கள். கடையில் தீயோ திருட்டோ வந்தால் இரண்டும் ஒன்றாகப் போகக்கூடாது. வருட முடிவில் அந்த வருடக் கடிதங்களைத் தனியொரு பி.எஸ்.டி. கோப்புக்கு மாற்றிவிடுங்கள். சிறிய கோப்பைப் பழுதுபார்ப்பது இலகு. விலை, அளவு, தவணை உறுதிசெய்யும் கடிதங்களை அன்றன்றே பி.டி.எஃப். ஆகவும் சேமியுங்கள். ஒரு யூ.பி.எஸ். வாங்குங்கள். புதுப்பித்தலைக் கடை மூடும் நேரத்தில் அல்ல, ஆறுதலாக இருக்கும் நாளில் நீங்களே செய்யுங்கள். மெயின் சுவிட்சில் "கணினி அணைந்ததா?" என்று ஒரு துண்டுக் கடதாசி ஒட்டுங்கள். சரவணைக் கடையில் இப்போது அது ஒட்டப்பட்டிருக்கிறது.

2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டம் நமது நாட்டில் நடைமுறையில் உள்ளது. மின்னணு வடிவில் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஓர் ஆவணத்தின் சட்டப் பெறுமதியை மறுக்க முடியாது. எனவே உங்கள் அஞ்சல் பெட்டியும் ஒரு கணக்குப் புத்தகமே.

கணக்குப் புத்தகம் போனால் என்ன ஆகும் என்பதை நான் கண்ணால் கண்டவன். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து நாங்கள் வெளியேற்றப்பட்டபோது எங்கள் கடையின் கடன் கொப்பி மேசை இலாச்சிக்குள்ளேயே கிடந்தது. யார் தர வேண்டும், யாருக்கு நாம் கொடுக்க வேண்டும் என்பதை வாப்பா புத்தளத்தில் ஒரு ஓலைக் குடிசையில் இருந்துகொண்டு நினைவிலிருந்து எழுதினார். பாதிகூட வரவில்லை. வர வேண்டியது போனதை விட, கொடுக்க வேண்டியது யாருக்கு என்று தெரியாமல் போனதே அவரைக் கடைசிவரை வருத்தியது. அந்தக் காலத்தில் தீவுப்பகுதி வியாபாரிகள் பலரும் இப்படியே கொப்பிகளை விட்டுவிட்டு இடம்பெயர்ந்தார்கள்.

அன்று பிரதி எடுக்க நமக்கு வழியும் இருக்கவில்லை, நேரமும் இருக்கவில்லை. இன்று இரண்டும் இருக்கின்றன. இதை வாசித்து முடித்ததும் உங்கள் பி.எஸ்.டி. கோப்பு எங்கே இருக்கிறது என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். இன்றிரவு கடை மூடுவதற்குள் முதல் பிரதியை எடுத்துவிடுங்கள்.